குளிருக்கு எடுத்து வைத்தவை

கைகளை முதலில் உள்பக்கமாக மடக்க வேண்டும். பிறகு கீழ்ப்பாதியை மேலே கொண்டுவந்து கழுத்துக்குள் செருகிவிட்டால் கம்பளி பெட்டிக்குள் மறுபடி பிரிந்து உப்பாது. மூன்றாவது ஸ்வெட்டரை இப்படிச் செருகும்போது உள்ளங்கை வியர்வையில் நூல் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை, கார் ஐந்தரைக்கு வரும். மின்விசிறி மொட்டைமாடி வெயிலைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. கட்டிலில் இடப்பக்கம் வெயிலுக்கான துணி, வலப்பக்கம் குளிருக்கானது, நடுவில் கப்பல்காரர்கள் அனுப்பிய தாள். முதல் நாள் சிங்கப்பூர், முப்பத்திரண்டு டிகிரி, பருத்தி ஆடைகள் போதும். நான்காம் நாள் வியட்நாம், முப்பத்துமூன்று. ஆறாம் நாள் ஹாங்காங், இருபத்திரண்டு, மெல்லிய மேலாடை ஒன்று. ஒன்பதாம் நாள் நாகசாகி, பன்னிரண்டு. பன்னிரண்டாம் நாள் ஹக்கோடத்தே, நான்கு, காற்றடித்தால் அதற்கும் கீழே. எனக்கு இது தெரிந்த வழி. எங்கள் கம்பெனியில் இறால் உரிக்கிற கூடம் இருபது, கதவு. பெட்டி கட்டுகிற அறை பத்து, கதவு. அடுத்தது பூஜ்யம், கதவு. கடைசிக் கதவுக்கு அப்பால் மைனஸ் இருபது. எல்லாம் சேர்ந்து எண்பது அடிகூட இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை நடந்திருக்கிறேன். கப்பல் அதையே பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு மெதுவாகப் போகப் போகிறது, அவ்வளவுதான். தமயந்தி காலையிலேயே சொல்லிவிட்டாள், குளிரைப் பத்தி இந்தத் தெருவுல ஒங்களவிட யாருக்குத் தெரியும், நீங்களே எடுத்து வைங்க, நான் தின்பண்டத்தப் பாக்கேன் என்று. இப்போது அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஏங்க, கருவாட்டுப் பொடி கொண்டு போலாமா? மோந்து பாப்பாவளோ?" நான் சொன்னேன், "கடலுக்குள்ள போற கப்பலுக்குக் கருவாடு கொண்டு போற மொத ஆளு நீதான்." "அவிய போடுத அவிச்ச கறிய நீங்க தின்னுங்க. பன்னெண்டு நாளைக்கு நாக்கு செத்துப் போயிரும் எனக்கு." செத்துப் போயிரும் என்பதை எவ்வளவு லேசாகச் சொல்கிறோம். நாக்கு, கால், பேட்டரி. நான்காவது ஸ்வெட்டரை எடுத்தேன்.

நான்காவது பக்கத்து வீட்டு வங்கிக்காரர் கொடுத்தது. ஊட்டியில் மூன்று வருஷம் இருந்தவர், பாச்சா உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. உள்ளே போடுகிற ஒட்டு பனியன் ஆளுக்கு இரண்டு. காலுறை ஆறு ஜோடி. கையுறை. காதை மூடுகிற குல்லா. இரண்டு பெரிய கோட்டுகள், கருநீலம், கம்பெனியே வாங்கி, ஆள்வைத்து வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. விலைச்சீட்டைக் கத்தரித்துவிட்டிருந்தார்கள், நூல் மட்டும் தொங்கியது. தமயந்தியுடையது இன்னும் கதவுக் கொக்கியில் கிடக்கிறது. என்னுடையதை ஜிப்பை மேலும் கீழும் நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. நல்ல ஜிப். ஒரு ஜிப்புக்காக நான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். முதலாவது போன வருஷம் பிப்ரவரியில். ஆறாம் எண் ஜாக்கெட்டின் ஜிப் பழுதாகி உபயோகிக்க இயலாத நிலையில் உள்ளது, மாற்றித் தரவும். இரண்டாவது மார்ச்சில், அதே வாசகம், மேலே நினைவூட்டல் என்று. மூன்றாவதை எழுதினேனா, எழுத நினைத்தேனா. எழுதினேன், மேனேஜர் தெய்வநாயகம் அதைக் கையில் வாங்கி, "எட்டு கெடக்குல்லா அண்ணாச்சி, ஒண்ணு இல்லன்னா ஏழு பேரு உள்ள போங்க" என்று சிரித்தார். அது சரிதான், ஏழு பேர் போகலாம். ஆனால் வேலை எட்டுப் பேருக்கு வரும். ஜாக்கெட் பற்றி யோசிக்கக் கூடாது. காலுறை ஆறு ஜோடி, பன்னிரண்டு நாளைக்கு ஆறு ஜோடி போதுமா, கப்பலில் துவைத்துக் காயப்போட இடம் இருக்குமா, குளிரில் ஈரக் காலுறை ஆபத்து, அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கால்ல ஈரத்தோட உள்ள போகாதிய, வெரலு போயிரும். பெண்கள் சிரிப்பார்கள். ஜெபக்கனிதான் உரக்கச் சிரிப்பாள். "வெரலு போனா மெட்டி மிச்சம் அண்ணாச்சி."

கடைசிக் கதவுக்கு வெளியே எட்டு ஆணி, எட்டு ஜாக்கெட், முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எண். அந்த ஏற்பாடே என்னுடையது. அதற்கு முன் ஷிப்டு முடியும்போது கதவைத் திறந்து, யாரும் இருக்கியளா என்று கத்துவார்கள், குளிரூட்டி ஓடுகிற சத்தத்தில் அது எங்கே கேட்கும், இரண்டு நிமிஷம் கதவு திறந்திருந்தால் மூன்று டிகிரி ஏறிவிடும். நான்தான் ஆணி அடித்தேன். நானே பலகையில் எழுதினேன், எல்லா ஜாக்கெட்டும் ஆணியில் இருந்தால் உள்ளே ஆள் இல்லை. ஜாக்கெட் இல்லாமல் மைனஸ் இருபதில் ஒருவரும் நிற்க மாட்டார்கள், அதனால் ஜாக்கெட்டை எண்ணினால் ஆளை எண்ணிய மாதிரி. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற கம்பெனியின் தணிக்கைக்கு ஒரு உயரமான அம்மா வந்தாள், அந்தப் பலகையைத் தமிழில் இருந்தபடியே படம் பிடித்துக்கொண்டு போனாள், என் கையைக் குலுக்கினாள். பதினோரு வருஷம் தப்பே வரவில்லை. இது பெரிய விஷயம். பதினோரு வருஷம், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்டு, தப்பே வரவில்லை. இதை இருபத்தெட்டாம் தேதி விசாரணையில் போய்ச் சொன்னால் என்ன, ஐயா பதினோரு வருஷம் தப்பே வரவில்லை என்று. அதற்குப் பிறகு விசாரிக்கிற அதிகாரி அடுத்த கேள்வி கேட்பார். அடுத்த கேள்விக்குத்தான். வெயிலுக்கான பக்கம் இன்னும் ஒன்றுமே சரியாக அடுக்கவில்லை. நான்கு அரைக்கை சட்டை, இரண்டு வேட்டி, வேட்டி கப்பலில் காற்றுக்கு நிற்காது, தமயந்தி பேண்ட் என்றாள், மூன்று பேண்ட். மெல்லிய துணியை அடியில் வைக்க வேண்டுமா மேலே வைக்க வேண்டுமா. முதலில் வேண்டியது மேலே. குளிர் கடைசியில் வருகிறது, ஆகவே குளிருக்கானது அடியில். நான் அதை மேலே அடுக்கிவிட்டேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

"ஜிப்பு நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி, நெஞ்சுல ஊசி குத்துன மாதிரி இருக்கு." ஏப்ரல் இருபதோ இருபத்தொன்றோ, உரிக்கிற கூடத்துக் குழாயடியில் கையுறையைக் கழுவிக்கொண்டே ஜெபக்கனி சொன்னாள். மூன்றாவது கடிதமும் போன பிறகு. நான் கேட்டேன், "ஒன் வீட்ல ஸ்வெட்டர் எதும் கெடக்கா?" "எங்க வீட்டுக்காரர் சர்ச்சு டூர்ல கொடைக்கானல் போனப்ப ஒண்ணு வாங்கியாந்தாரு. பச்சைக் கலரு. அதுக்கு இந்த ஊர்ல என்ன சோலி, பெட்டிக்கு அடியில கெடக்கு." "அதக் கொண்டாந்து போட்டுக்க. ஆறாம் நம்பரு ஆணிலயே கெடக்கட்டும், புதுசு வந்ததும் மாத்திக்கிடலாம்." அவ்வளவுதான் பேச்சு. கெடக்கட்டும் என்று சொன்னேன். அவள் சரி அண்ணாச்சி என்றாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவள் பச்சை ஸ்வெட்டர் போட்டு வந்ததை மறுநாளிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். போடச் சொன்னது யார் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும். அதன்பிறகு நான் இரண்டு எண்ணினேன், இதை யாராவது கேட்டால் சொல்ல வேண்டும், இருபது நாள் நான் இரண்டு எண்ணினேன். முதலில் ஆணியை எண்ணுவேன், ஒன்று முதல் எட்டு. பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்துப் பச்சையைத் தேடுவேன். கை கழுவுகிற இடத்தில் இருப்பாள், அல்லது டிபன் பாக்ஸோடு வாசலில் நிற்பாள். பச்சை தெரிந்த பிறகுதான் கதவு. இருபது நாள். மே பதினொன்று மதியம் இரண்டு மணிக்கு ஆணி முன்னால் நிற்கும்போது போன் அடித்தது, தெய்வநாயகம், கண்டெய்னர் லாரி கேட்டுக்கு வந்துவிட்டதா என்று. வந்துட்டு சார் என்று சொல்லிக்கொண்டே எண்ணினேன். எட்டு. கதவைச் சாத்தினேன். உள்ளே நான்கு பேர் பெட்டி அடுக்கப் போயிருந்தார்கள். மூன்று பேர் வெளியே வந்து ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஜெபக்கனி முந்திப் போயிருப்பாள், அவளுக்கு இரண்டேகால் பஸ் என்று அவர்கள் நினைத்தார்கள். அவள் கடைசி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மாலை ஆறு மணிக்கு லாரியில் ஏற்றத் திறந்தார்கள்.

போன் அடித்தது. இப்போது, இங்கே, ஸ்வெட்டர் குவியலுக்கு அடியில். எடுப்பதற்குள் நான்கு ஸ்வெட்டரும் பிரிந்துபோயின. தெய்வநாயகம்தான். "அண்ணாச்சி, கெளம்பியாச்சா? கோட்டு அளவு சரியா இருக்கா?" இருக்கு சார் என்றேன். "மதினிக்கு?" இன்னும் போட்டுப் பாக்கல சார். "போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அங்கன போயி பத்தலன்னா கஷ்டம்." அவர் பக்கத்தில் யாரோ டீ உறிஞ்சுகிற சத்தம், அல்லது அவரேதான். "இருவத்தெட்டாம் தேதிய நெனச்சி மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதிய. அன்னைக்கு நீங்க எந்த ஊரு?" தாளைப் பார்க்காமலே சொன்னேன், நாகசாகி. "பாத்தியளா, எனக்கு வாயிலயே நொழையல. வெளிநாட்டில் உள்ளார்னு ஒரு வரி எழுதுனா முடிஞ்சிட்டு. நீங்க எழுதிக் குடுத்த வாக்குமூலமும் இருக்கு." இருக்கிறது. பணி முடிவில் எட்டு ஜாக்கெட்டுகளும் ஆணிகளில் இருந்ததை நேரில் கண்டேன். அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்தார், நான் மூன்று தடவை படித்தேன், ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கையெழுத்துப் போட்டேன். "இருவத்திரெண்டு வருசம் குளிர்ல நின்னுட்டிய. இனி குளிர வேடிக்கை பாத்துட்டு வாங்க." சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வழக்கமாக ஆண்டு விழாவில் வெள்ளிக் குத்துவிளக்கு கொடுப்பார்கள், ஒரு வருஷம் சுவர்க் கடிகாரம். கப்பல் பயணம் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. இந்த வருஷம் எனக்கு மட்டும், மேடையில் பெயர் வாசித்தபோது கூடத்தில் கை தட்டினார்கள், உரிக்கிற பெண்கள் நின்ற பக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்கள். நான் அதைக் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தமயந்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். "என்ன இது, இன்னும் சந்தைக்கட மாதிரி கெடக்கு. ஒரு மணி நேரமா என்ன செஞ்சிய?" அடியில வைக்க வேண்டியத மேல வச்சிட்டேன் என்றேன். "ஒங்களப் போயி நம்புனேன் பாருங்க." இடப்பக்கத்தை அவளே அடுக்கத் தொடங்கினாள். அவள் கை வேகம். நாற்பத்தெட்டு வயதில் அவள் பார்த்த தூரம் வேளாங்கண்ணி, ஒரு தடவை திருப்பதி. சிங்கப்பூரில் இறங்கும்போது கட்ட வேண்டிய சேலையை ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்துவிட்டாள், அதைத் தனியாகத் தாளில் சுற்றி வைத்திருக்கிறாள். தங்கைக்குப் போனில் சொல்லும்போது, கப்பல்ல எங்க ரூமுக்கு ஜன்னல் உண்டு பிள்ள, ஜன்னல் இல்லாத ரூமும் இருக்காம் என்றாள். இப்போது சொல்லலாம். அவள் முகம் துணிப்பக்கம் குனிந்திருக்கிறது, நேராகப் பார்க்க வேண்டியதில்லை. "தமயந்தி." "ம்." "இருவத்தெட்டாம் தேதி." அவள் தாளை எடுத்து விரலை ஓட்டினாள். "நாகசாகி. பன்னெண்டு டிகிரி. அதுக்கு ஸ்வெட்டரு போதும்லா, கோட்டு வேண்டாம்லா?" போதும் என்றேன். அவள் நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரியும், விசாரணை அன்றைக்குத்தான் என்று தெரியும். நான் சாத்திய கதவு என்பது தெரியும். குழாயடி மட்டும் தெரியாது. "இன்னும் அதையே நெனச்சிட்டு இருக்கியளா?" நான் காலுறையை ஜோடி சேர்த்தேன். "நீங்க போயி நின்னா அந்தப் பிள்ள எந்திரிச்சா வரப் போகுது? எண்ணிப் பாத்துத்தான சாத்துனிய. எண்ணிப் பாத்தியள்லா?" எண்ணிப் பாத்தேன். "பெறவென்ன." ஆமாம், பிறகென்ன. எட்டு என்பது எட்டுதான். ஒரு ஜோடிக்கு ஒரு காலுறை குறைந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். தரை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது, அங்கேயே கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தபோது அவள் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, நைட்டிக்கு மேல் அந்தக் கருநீலக் கோட்டு, முழங்கால்வரை. "பாருங்க, கரடி மாதிரி இருக்கேன்." ஜிப்பை மேலே இழுத்தாள், வயிறு, நெஞ்சு, கழுத்து, தாடை. கைகளை விரித்து ஒரு சுற்று சுற்றினாள். நெற்றியில் உடனே வியர்வை. "எம்மா, சுடுது. அடுப்புக்குள்ள எறங்குன மாதிரி சுடுது. எடுங்க, மாட்டிக்கிட்டு." தாடையோரத்தில் உள்துணி ஜிப்பில் சிக்கியிருந்தது. நான் போய்ப் பிடித்தேன். மேலே போகவில்லை, கீழே வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், சிரிப்பில் மூச்சுச் சூடு என் விரலில் பட்டது. சுடுது என்கிறாள். கடைசியில் சுடும். இதை நான் எதிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பழைய ஆள் ஒருவர், எனக்கு முன்னால் அங்கே இருந்தவர், சொல்லிக் கொடுத்தார். முதலில் நடுங்கும், நடுங்குகிறவரை பயமில்லை. நடுக்கம் நின்றால்தான் பயம். அதற்கும் பிறகு ஒரு கட்டம் இருக்கிறது, உடம்பெல்லாம் தீயாகச் சுடும், போட்டிருப்பதைக் கழற்றச் சொல்லும். ஆறு மணிக்குத் திறந்தபோது பச்சை ஸ்வெட்டர் அவளுக்கு இரண்டடி தள்ளிக் கிடந்தது. ஒரு கை உள்வெளியாகத் திரும்பியிருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துத்தான் அந்தப் பேச்சு உண்டானது, முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது, அலுவலகத்திலிருந்து வந்ததா, கேட்டிலிருந்தா. மே மாத வெயில். காத்து வாங்கப் போயிருக்கா. ஜாக்கெட்டும் போடல, ஸ்வெட்டரையும் கழத்தி வச்சிட்டு ஹாயா படுத்திருக்கா. வேலைக்குப் போனவ ஜாக்கெட் போடாமலா போவா. அதை அப்படியே நல்ல தமிழில் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது, அனுமதியின்றி, பணி நிமித்தமின்றி. நான் சொல்லியிருக்கலாம். சுட்டிருக்கும் அவளுக்கு, அதனால் கழற்றியிருக்கிறாள், கழற்றினால் அவள் காற்று வாங்கவில்லை, கழற்றினால் நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம், இதை இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தன் சொன்னால் போதும். லேபிள் சுருள் அவள் கைப்பக்கம் கிடந்ததையும் பார்த்தேன். கதவை உள்ளிருந்து திறக்கிற தள்ளுகம்பி பனியேறி இறுகியிருந்தது, அதை மற்றவர்களும் சொல்வார்கள், சொல்லட்டும். ஆறாம் நம்பரைச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன். "என்னங்க, மூச்சு முட்டுது, எடுங்க." சிரிப்பு நின்றிருந்தது. இரண்டு கையாலும் கழுத்துப் பக்கத்துத் துணியைப் பிடித்து இழுத்தேன், உள்துணி கிழிந்து ஜிப் ஒரே இழுப்பில் அடிவரை வந்தது. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "புதுக் கோட்டு. ஊசி நூலு எங்க வச்சேன். ஒரு பொறுமை கெடையாது ஒங்களுக்கு." 

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நான் குளிருக்கானதை அடியில் அடுக்கினேன், இந்தத் தடவை சரியாக. ஹாங்காங்கில் இறங்கி, உடம்பு சரியில்லை என்று சொல்லித் திரும்பிவிட முடியுமா. ஆறாம் நாள் இருபத்தைந்தாம் தேதி. அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து இங்கே. முடியும், எல்லாம் கணக்குப்படி முடியும், டிக்கெட் யார் எடுப்பார்கள், தமயந்தியை என்ன செய்வது, டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால். காய்ச்சல் இப்போதே வந்தால் நல்லது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது, இந்த ஊரில் எல்லோர் நெற்றியும் சுடும். எபனேசர் உப்பளத்தில் நிற்பான் இப்போது, கண் கூசாமல் இருக்கத் துண்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு. ஜெபக்கனியின் புருஷன், அதிகம் பேசாதவன், கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அண்ணாச்சி, அவ ஏன் ஜாக்கெட் போடல? தெரியலயேப்பா என்றேன். தெரியலயேப்பா. அந்த ப்பா எங்கிருந்து வந்தது. அவன் தலையை ஆட்டினான், நம்பினான். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து போன் பண்ணினான். "இருவத்தெட்டு பத்து மணிக்கு அண்ணாச்சி. எழுதி வாங்கணும். அவ வேலைக்குத்தான் உள்ள போனான்னு ஒரு எழுத்து வாங்கணும், அது போதும் எனக்கு. பள்ளிக்கூடத்துல மகளக் கேக்காங்களாம், ஒங்கம்மா காத்து வாங்கப் போயா செத்தான்னு. நீங்க வருவியள்லா?" அப்போது இரண்டு கோட்டும் வீட்டுக்கு வந்துவிட்டன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். வாரேன் என்றேன். வாரேன் என்று சொன்னது ஒரு விநாடி. கெடக்கட்டும் என்று சொன்னதும் ஒரு விநாடி. எபனேசர் இந்நேரம் மேஸ்திரியிடம் இருபத்தெட்டாம் தேதி வரமாட்டேன் என்று சொல்லி வைத்திருப்பான். வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்திருப்பான். பத்து மணி விசாரணைக்கு ஒன்பதரைக்கே போய் நிற்பான், வாசலில், நான் வருகிற திசையைப் பார்த்து. நான் அப்போது பன்னிரண்டு டிகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கோட்டு தேவையில்லை. இங்கே பத்து என்றால் அங்கே ஒன்றரை. சாப்பாட்டு நேரம். சொன்னால் என்ன ஆகும். கதவைச் சாத்தியவனும் நான், ஜாக்கெட்டை ஆணியில் போடச் சொன்னவனும் நான், ஆணியை எண்ணினால் போதும் என்று பலகை எழுதியவனும் நான். அவள்மேல் மூன்று தடவை கதவைச் சாத்தியிருக்கிறேன். சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. கைகளை உள்பக்கமாக, கீழ்ப்பாதியை மேலே.

ஐந்து மணிக்கு இரண்டு பெட்டியும் மூடின. தமயந்தி மேலே ஏறி உட்கார, நான் பூட்டினேன். "நான் இல்லன்னா ஒங்க பெட்டிய யாரு மூடுவா" என்றாள் மேலே இருந்தபடி. கோட்டில் தையல் தெரியவே இல்லை. அவள் குளித்து, பயணத்துக்கென்று எடுத்து வைத்த சேலையைக் கட்டி, பவுடர் வாசத்தோடு வந்தாள், சின்னப் பெண் மாதிரி இருந்தாள். நான் நல்லாருக்கு என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரியிடம் சாவி கொடுக்கப் போனாள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது கேட்டது. "சாமிக்குப் பூ மட்டும் வெள்ளிக்கெழம போட்டுருங்க. அங்கெல்லாம் பனி பெய்யுமாம்க்கா. இவுகளுக்கு அது பழக்கம்தான். எனக்குத்தான் பயம்." கட்டிலில் அவளுடைய கைப்பை இருந்தது. கைப்பைக்குள் சின்ன பை, அதில் டிக்கெட்டுகள், இரண்டு பாஸ்போர்ட்டுகள். கம்பெனியே ஓடியாடி எடுத்துக் கொடுத்தவை. ஆளுக்கொரு தடித்த தோல் உறையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கார் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. ஹாரன் அடிக்கவில்லை, மரியாதையாக வந்து நின்றது. நான் என்ன நினைத்தேன் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒன்றும் நினைக்காமல் இருந்ததாகத்தான் தோன்றுகிறது, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக. கறுப்பு உறையைத் திறந்தேன். என் புகைப்படத்தில் கண் கொஞ்சம் மூடியிருந்தது. பாஸ்போர்ட்டை உருவினேன், புதுசானதால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வந்தது. அலமாரியில் மேல்தட்டுச் செய்தித்தாளைத் தூக்கி அடியில் வைத்து, தாளை நீவிவிட்டேன். காலி உறையை மூடிப் பார்த்தேன். தோல் கெட்டி, அதே தடிமன் காட்டியது. சிவப்பின் மேல் கறுப்பை வைத்து, பையை மூடி, கைப்பையில் போட்டேன். அவளுடையதைத் தொடவில்லை.

டிரைவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார். தமயந்தி வந்து கைப்பையை எடுத்தாள், சின்ன பையைப் பாதி திறந்து உள்ளே விரலை விட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்றாள். மூடினாள். "அவ்வளவுதான, எதையும் விட்டுரலயே?" என்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கட்டில் வெறுமையாக இருந்தது. நான் குனிந்து அவளுடைய செருப்பின் வாரைப் போட்டுவிட்டேன்.